ஏ லைனில் மகரந்தமா? சூரியகாந்தி ஆண்மலட்டு வழிகளில் கோளாறு தேடும் முறை

சூரியகாந்தியில் கலப்புப்பிறப்பு விதை எடுக்கப் பழகுகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஒன்றைத்தான்: "மலடாக இருக்க வேண்டிய செடி மகரந்தம் கொட்டுகிறது, மலட்டுத்தன்மை உடைந்து போய்விட்டதா?" பெரும்பாலும் உடைவதில்லை. விதை கலந்திருக்கும், அல்லது போன போகத்தில் ஏதோ ஒரு தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கும். இதில் எது என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அந்தச் செடிதான், பதற்றத்தில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முதலில் பையைப் போட்டுக் கட்டுங்கள், இலக்கம் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள், பிறகு கீழே உள்ளதைப் பாருங்கள்.

கொழும்பிலும் அதைச் சுற்றியும் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வெள்ளவத்தையில் மொட்டைமாடிச் சட்டியில் வைத்திருப்பவர்கள், ஹோமாகம பக்கம் துண்டுக் காணி எடுத்தவர்கள், பல்கலைக்கழக வலைக்கூட்டில் இறுதியாண்டு ஆய்வுக்கு நட்டிருக்கும் பிள்ளைகள். பெரிய பண்ணைக்குச் சொல்லும் ஆலோசனை பல இங்கே பொருந்தாது. நமக்கு இடம் இல்லை, மழையோ நிறைய, பக்கத்து வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைத்த சூரியகாந்தி வேறு.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ லைன் என்பது மலட்டுக் குழியவுரு (கலத்தில் கருவுக்கு வெளியே உள்ள பகுதி) உள்ள, தானே மகரந்தம் தராத தாய் வழி, வழி என்றால் ஒரே குணத்தோடு பேணிவரும் செடிப் பரம்பரை. பி லைன் அதே செடிதான், ஆனால் குழியவுரு வளமானது, அதன் மகரந்தத்தை ஏ லைனுக்குப் போட்டால் வருவது மறுபடியும் ஏ லைன். ஆர் லைனில் வளத்தை மீட்கும் பரம்பரையலகு இருக்கிறது, அதை ஏ லைனுக்குப் போட்டால் வருவது விவசாயிக்குப் போகும் கலப்புப்பிறப்பு, அது மகரந்தமும் தரும், விதையும் பிடிக்கும். மலட்டுக் குழியவுருவை பிரான்சில் பத்ரிஸ் லெக்லெர்க் 1969 இல் வெளியிட்டார். காட்டு இனமான ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிசைப் பயிர்ச் சூரியகாந்தியுடன் சேர்த்ததில் வந்தது என்பதால் இதை பெட்-1 என்கிறார்கள். அடுத்த வருடமே, 1970 இல், அமெரிக்காவில் மரே கின்மன் மீட்கும் பரம்பரையலகைக் காட்டினார், இன்று ஆர்எஃப்1 என்பது அதுதான். கோளாறின் மூலம் குழியவுருவுக்குள் இருக்கும் இழைமணியில் இருக்கிறது. அங்கே டிஎன்ஏ ஒழுங்கு மாறி ஓஆர்எஃப்-எச்522 என்ற புதுத் துண்டு உருவாகி, அது தரும் சின்னப் புரதத்தால், மகரந்தமணிகளுக்கு ஊட்டம் கொடுக்கும் உட்படை நேரத்துக்கு முன்பே செத்துவிடுகிறது. குழியவுரு தாய் வழியாக மட்டுமே கடத்தப்படும், ஆர்எஃப்1 கலத்தின் கருவில் இருப்பதால் தாய், தந்தை இரு பக்கமும் வரும். கீழே உள்ள எல்லாச் சோதனையும் இந்த ஒரு வித்தியாசத்தை வைத்துத்தான்.

ஏ லைன் பூவில் மஞ்சள் தூள் தெரிகிறது

முதல் சந்தேகம்: அந்தத் தூள் அந்தப் பூவினுடையதுதானா? திறந்து கிடக்கும் ஏ லைன் பூவில் தேனீ வந்து போனால் பக்கத்துச் செடியின் மகரந்தம் படிந்திருக்கும், தூரத்தில் இருந்து பார்த்தால் வளமான பூ போலவே இருக்கும். வலைக்கூட்டில் வேலை செய்யும் பிள்ளை ஒருவர் பதறிப்போய் அழைத்தார். "அண்ணா, பூ முழுக்க மஞ்சளா இருக்கு, எல்லாம் கலந்துட்டுது போல." "நேற்றுப் பின்னேரம் பை போட்டிருந்தீங்களா தம்பி?" "இல்லை அண்ணா, முந்தநாளே கழட்டி விட்டனான்." பையில்லாத பூவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னும் விரியாத சிறுபூ வரிசைகள் மிச்சமிருந்தால் பின்னேரம் பையைக் கட்டிவிட்டு மறுநாள் காலை 7 மணி போலப் பாருங்கள்.

பார்க்கும் விதம் இப்படி. சூரியகாந்தித் தலையில் வெளிவட்டத்தில் இருந்து உள்நோக்கிச் சிறுபூக்கள் நாளொன்றுக்கு ஒன்று முதல் நான்கு வரிசை வரை விரியும். அன்று காலை விரிந்த வரிசையில் ஒரு சிறுபூவை ஊசியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். வளமான செடி என்றால் கறுப்பான மகரந்தக்கூட்டுக் குழாய் அல்லிக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அதன் வாயில் மஞ்சள் மணிகள் குவிந்திருக்கும், கறுப்புத் தாளில் தட்டினால் கொட்டும். மலட்டுச் செடியில் அந்தக் குழாய் வெளிறி, சுருங்கி, அல்லிக்கு உள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும், நகத்தால் கீறினாலும் தாளில் ஒன்றும் விழாது. கைவில்லை இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தொலைபேசிக் கமெராவைக் கிட்டப் பிடித்தாலே போதும். மத்தியானத்துக்குப் பிறகு பார்ப்பதில் பயனில்லை. வளமான பூவிலும் அதற்குள் தேனீ எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போயிருக்கும்.

சந்தேகம் தீர்ந்துவிட்டது, சில செடிகள் உண்மையிலேயே வளமானவை

மொத்தத் தலையும் முழுதாக மகரந்தம் தருகிறது, அப்படிப்பட்ட செடி வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது என்றால் அது யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர்தான் சந்தேக நபர்கள்.

முதலாவது பி லைன். ஏ லைனும் பி லைனும் பார்க்க அச்சு அசல் ஒன்று, உயரம், இலை, பூக்கும் நாள் எதிலும் பிரிக்க முடியாது. விதையை உலர்த்தும் பாயில், சல்லடையில், பழைய உறையில் ஒட்டியிருந்த நாலு விதை போதும். இரண்டாவது ஆர் லைன் விதை நேரடியாகக் கலந்தது. ஆர் லைன்களில் பல கிளை விடும் வகை என்பதால் இதைப் பிடிப்பது சுலபம். மூன்றாவதுதான் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்திருக்கும்: போன போகத்தில் ஏ லைன் பூ ஒன்றில் ஆர் லைன் மகரந்தம் விழுந்து வந்த பிள்ளை. கிளை விடும் குணம் பின்னிடைவானது, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும், ஆகவே இந்தப் பிள்ளை கிளை விடாமல் ஏ லைன் மாதிரியே ஒற்றைத் தலையுடன் நிற்கும். ஆனால் வரிசையில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் உயரமாக, தண்டு தடிப்பாக, செழிப்பாக இருக்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கலந்து பாருங்கள். சந்தேகச் செடியின் மகரந்தத்தை எடுத்து, பை போட்டிருந்த சுத்தமான ஏ லைன் தலை ஒன்றுக்குப் போடுங்கள். வரும் பிள்ளைகள் எல்லாமே மலடு என்றால் அது பி லைன். எல்லாமே வளம் என்றால் ஆர் லைன். பாதிக்குப் பாதி என்றால் மூன்றாவது ஆள். எத்தனை செடி வளர்க்க வேண்டும் என்று கேட்பீர்கள், ஏழு போதும். பாதிக்குப் பாதி வர வேண்டிய குடும்பத்தில் ஏழும் மலடாகவே வருவதற்கான வாய்ப்பு 128 இல் 1, ஏழும் வளமாகவே வருவதற்கும் அவ்வளவுதான். சந்தேகச் செடியைத் தன்மகரந்தச் சேர்க்கை செய்தும் பார்க்கலாம், மூன்றாவது ஆளாக இருந்தால் மூன்றுக்கு ஒன்று என்று பிரியும். ஆனால் அதில் ஒரு மலட்டுச் செடியாவது கண்ணில் படுமென்று 100 க்கு 99 நம்பிக்கை வர 16 செடி வளர்க்க வேண்டும், அதோடு பி லைனா ஆர் லைனா என்பதும் அதில் தெரியாது. சட்டியில் வளர்க்கிற நமக்கு முதல் வழிதான் கட்டும். ஆய்வுகூட வசதி உள்ளவர்கள் இலைத்துண்டில் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து ஓஆர்எஃப்-எச்522 இருக்கிறதா என்று பார்க்கலாம். இல்லை என்றால் குழியவுரு வளமானது, பி லைன் பக்கம் சந்தேகம் போகும். இருக்கிறது என்றால் மூன்றாவது ஆள், அல்லது ஆர் லைன், ஏனென்றால் ஆர் லைன்களில் பலதிலும் மலட்டுக் குழியவுருதான் இருக்கிறது, ஆர்எஃப்1 அதை மறைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

விடை தெரிந்த பிறகு வைத்தியம் வேறு வேறு. பி லைன் கலப்பு என்றால் உங்கள் விதைப் பாயையும் உறையையும் கவனியுங்கள், வழிக்குச் சேதம் எதுவும் இல்லை, அந்தச் செடிகளை நீக்கினால் முடிந்தது. ஆர் மகரந்தம் புகுந்தது என்றால் அந்த ஏ விதை உறை முழுவதுமே சந்தேகத்துக்குரியது, அதிலிருந்து மறுபடி பெருக்காமல் அதற்கு முந்திய போகத்து விதைக்குத் திரும்புங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது மகரந்தமே காட்டாத கலப்புத்தான். ஆர்எஃப்1 காட்டுச் சூரியகாந்தியில் நிறைய உண்டு, ஆனால் சாதாரணப் பயிர் வகைகளில் அரிது. ஆகவே பக்கத்து வீட்டு முற்றத்துச் செடியின் மகரந்தம் உங்கள் ஏ லைனில் விழுந்தால் வரும் பிள்ளை பெரும்பாலும் மலடாகவே இருக்கும், காலைச் சோதனையில் பாஸ் ஆகிவிடும், நீங்களும் சுத்தமான ஏ லைன் என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்காகப் பெருக்குவீர்கள். இதைப் பிடிக்க மகரந்தத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்: உயரம், இலைக்காம்பின் நிறம், கதிர்ப்பூவின் (தலையின் ஓரத்தில் இதழ் போல நிற்பது) நிறம், பூத்த திகதி. அழகுச் செடிகளில் செம்பழுப்புக் கதிர்ப்பூ உள்ளவை உண்டு, அந்த நிறம் ஆட்சியுடையது, அடுத்த தலைமுறையிலேயே தலைகாட்டும். அப்படி ஒரு செடி தெரிந்தால் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், நிறமில்லாத கலப்பு எத்தனை இருக்கிறது என்று அது எச்சரிக்கிறது. இந்திய விதைச் சான்றுத் தரத்தில் கலப்பின விதைக்கு 400 மீற்றர் தனிமைத் தூரம் கேட்கிறார்கள், ஆதார விதைக்கு 600 மீற்றர். வெள்ளவத்தையில் 400 மீற்றர் என்றால் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள எல்லா வீட்டுப் பூச்சட்டியையும் எண்ண வேண்டிவரும். நகரத்துக்குள் தனிமைத் தூரம் பற்றிப் பேசிப் பயனில்லை, பைதான் ஒரே காவல், கதிர்ப்பூ விரிவதற்கு முன்பே போட வேண்டும்.

ஒரே தலையில் ஒரு பகுதி மட்டும் மகரந்தம் தருகிறது

இங்கேதான் "உடைந்துவிட்டதா" என்ற கேள்விக்கு நியாயம் உண்டு. சில வழிகளின் கருவில் சின்னச் சின்ன மீட்புப் பரம்பரையலகுகள் இருக்கும், ஆர்எஃப்1 போல முழுதாக மீட்காது, வெப்பநிலை அல்லது வேறு நெருக்கடி சேரும்போது அரைகுறையாக வேலை செய்யும். அந்த மகரந்தத்தை அசற்றோகாமைனில் சாயமிட்டுப் பாருங்கள். நிறைந்து சிவந்து உருண்டையாக இருந்தால் உயிருள்ளது, வெறும் கூடாகச் சுருங்கி நிறம் ஏறாமல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

உயிருள்ள மகரந்தம் என்றால் ஒரே வழியின் எத்தனை செடியில் இப்படி என்று எண்ணுங்கள். எல்லாச் செடியிலும், ஒரே வாரத்தில் பூத்தவற்றில் மட்டும் என்றால் காலநிலை. சில செடியில் மட்டும், எப்போது பூத்தாலும் என்றால் பி லைனுக்குள்ளேயே அந்தச் சின்னப் பரம்பரையலகு பிரிந்துகொண்டிருக்கிறது, அடுத்த பகுதியில் உள்ள சோடி முறைக்குப் போங்கள். என் அபிப்பிராயம், காலநிலைக்கு ஆடும் வழியைத் திருத்த மினக்கெடாமல் வேறு பி லைன் தேடுவது நல்லது. விதை உற்பத்தி நடக்கப்போவது கொழும்பில் இல்லை, மகாஇலுப்பள்ளமவிலோ அங்குணகொலபெலஸ்ஸவிலோ வரண்ட வலயத்து வெயிலில். இங்கே தப்பிய வழி அங்கே தப்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

புதிதாக மாற்றும் ஏ லைனில் தலைமுறைக்குத் தலைமுறை வளமான செடி வருகிறது

உங்களுக்குப் பிடித்த ஒரு வழியை ஆண்மலடாக மாற்ற, அதன் மகரந்தத்தை ஏதாவது ஒரு ஏ லைனுக்குப் போட்டு, பிறகு திரும்பத் திரும்ப அதனுடனேயே பிற்கலப்புச் செய்கிறீர்கள். முதல் பிற்கலப்பில் உங்கள் வழியின் பங்கு சராசரி 75 சதவீதம், இரண்டாவதில் 87.5, ஐந்தாவதில் 98.4, ஆறாவதில் 99.2. கணக்குச் சரிதான், ஆனால் வளமான செடி தொடர்ந்து வருகிறது என்றால் கணக்கில் கோளாறு இல்லை, தந்தைச் செடியில் கோளாறு. உங்கள் வழியில் சில செடிகளில் ஆர்எஃப் ஒற்றையாக (இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும்) ஒளிந்திருக்கிறது. அந்தச் செடிகளின் குழியவுரு வளமானது என்பதால் அவற்றிலேயே வைத்துப் பார்க்க முடியாது, ஏ லைனுக்குப் போட்டால்தான் தெரியும்.

அதற்குத்தான் சோடி முறை. எல்லாத் தந்தைச் செடியின் மகரந்தத்தையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்துப் பூசுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு மலட்டுத் தலைக்கு ஒரு தந்தைச் செடி, இரண்டுக்கும் ஒரே இலக்கம். அதே தந்தைச் செடியைத் தனியாகத் தன்மகரந்தச் சேர்க்கையும் செய்து விதை எடுத்து வையுங்கள். அடுத்த போகத்தில் மலட்டுப் பக்கப் பிள்ளைகளில் ஒரு செடி வளமாக வந்தாலும் அந்தச் சோடியின் இரு உறைகளையும் ஒதுக்குங்கள். ஒதுக்க மனம் வராது, நன்றாக வளர்ந்த குடும்பமாக இருக்கும், ஆனாலும் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று தலைமுறையில் வழி சுத்தமாகிவிடும். நம் ஊரில் பகல் வருடம் முழுக்க 12 மணித்தியாலத்தை ஒட்டியே இருப்பதால் வருடத்துக்கு மூன்று தலைமுறை எடுக்க முடியும், குளிர்நாட்டுக்காரருக்கு இல்லாத வசதி இது.

ஏ லைனில் விதை பிடிக்கவில்லை, பதர்தான் நிறைய

அறுத்த தலையைக் கையில் எடுத்து வெளியில் இருந்து உள்ளே பாருங்கள். சிறுபூக்கள் வெளியில் இருந்து உள்நோக்கி நாள் வாரியாக விரிந்தவை என்பதால் அந்தத் தலை ஒரு நாட்குறிப்பு மாதிரி, எந்த நாளில் என்ன நடந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

வெளிவட்டம் பதர், உள்ளே நிறைவு என்றால் ஆர் லைன் பிந்திப் பூத்திருக்கிறது. வெளிவட்டம் நிறைவு, நடு மட்டும் பதர் என்றால் ஆர் லைன் முந்தி முடிந்துவிட்டது, அல்லது செடிக்குத் தண்ணீரும் சாப்பாடும் கடைசியில் போதவில்லை. நடுவில் கொஞ்சம் பதர் இருப்பது எந்தச் சூரியகாந்திக்கும் வழமை, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இரு பக்கமும் நிறைவு, இடையில் ஒரு வளையம் மட்டும் பதர் என்றால் அந்த ஓரிரு நாள் மழை. ஒழுங்கே இல்லாமல் எங்கும் சிதறிய பதர் என்றால் தேனீ வரவு குறைவு அல்லது போரன் குறைவு.

அறுவடை வரை காத்திருக்கவும் தேவையில்லை. மகரந்தம் கிடைத்த சிறுபூவின் குறி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) சீக்கிரமே வாடிச் சுருங்கிவிடும். கிடைக்காதது நாள்கணக்காக நிமிர்ந்து, இரண்டாகச் சுருண்டபடியே காத்துக்கொண்டிருக்கும். ஏ லைன் தலையில் இப்படி நிமிர்ந்த குறிகள் அகலமான பட்டியாகத் தெரிந்தால் மகரந்தம் வந்து சேரவில்லை என்று அர்த்தம், இன்னும் காலம் கடந்துவிடவில்லை, அன்றே கையால் போடுங்கள்.

கையால் போடுவது காலை 8 மணிக்குப் பிறகு, பனியும் ஈரமும் உலர்ந்த பின். ஆர் லைன் தலையைத் தாளின் மேல் தட்டிச் சேர்த்து, மென்மையான தூரிகையால் அல்லது பஞ்சால் ஏ லைன் தலையில் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். ஒருநாள் விட்டு ஒருநாள், பூ முடியும்வரை. மகரந்தமணி தண்ணீரில் பட்டால் வெடித்துவிடும், ஆகவே இரவு மழை பெய்திருந்தால் தலைகளை உதறி, உலரவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கொழும்பில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பூக்கிற மாதிரி நட்டால் இந்த வேலை இரட்டிப்பாகும். சனவரி, பெப்ரவரியில் பூக்க நாள் கணக்குப் பண்ணி நடுங்கள், பாதிப் பிரச்சினை தானாகவே போய்விடும்.

ஏ லைனும் ஆர் லைனும் ஒன்றாகப் பூக்காவிட்டால் பிந்துகிறதை முந்தி விதையுங்கள், எத்தனை நாள் வித்தியாசம் என்பதை உங்கள் இடத்திலேயே ஒரு போகம் பார்த்துக் குறித்து வைத்தால்தான் உண்டு. சந்தேகமாக இருந்தால் ஆர் லைனை இரண்டு மூன்று தவணையாக விதையுங்கள். கிளை விடும் ஆர் லைனை விரும்புவதற்கும் காரணம் இதுதான், கிளைத் தலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து மகரந்தத்தை நீட்டித் தரும். வயலில் மூன்று வரிசை ஏ லைனுக்கு ஒரு வரிசை ஆர் லைன் என்பது நம் அயலில் வழக்கமான விகிதம். போரனுக்கு, கதிர்ப்பூ விரியும் சமயத்தில் லீற்றருக்கு 2 கிராம் வெண்காரம் கரைத்துத் தலையில் படத் தெளிப்பார்கள். பூச்சிமருந்து அந்த வாரத்தில் தொடவே வேண்டாம், தேனீ இல்லாமல் இந்தப் பயிரே இல்லை.

பி லைன் பைக்குள் விதை பிடிக்கவில்லை, அல்லது தலை அழுகுகிறது

பி லைன் மகரந்தம் ஏ லைனில் நன்றாக விதை தருகிறது, ஆனால் தன் பைக்குள் தனக்கே தரவில்லை என்றால் அது தன்னொவ்வாமை, சூரியகாந்தியில் பழைய குணம். ஒரே வழியின் இரண்டு செடிகளுக்கு இடையில் மகரந்தத்தை மாற்றிப் போட்டால் பலவேளை பிடிக்கும். எல்லா வழியும் இப்படி இல்லை, நன்றாகத் தானே விதை பிடிக்கும் செடிகளைத் தேர்ந்து கொண்டுபோனால் தலைமுறைகளில் குணம் மாறும்.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் பைதான். பொலித்தீன் பை இந்த ஊர்ப் புழுக்கத்தில் தலையை அவித்துவிடும், ரைசோப்பஸ் பூஞ்சணம் கறுப்பும் சாம்பலுமாகப் பஞ்சு போலப் படரும். மெல்லிய பருத்தித் துணிப் பை நல்லது, உள்ளே கம்பி வளையம் ஒன்று வைத்துத் துணி குறியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டால் தேனீ வெளியில் இருந்தே மகரந்தத்தை ஊட்டிவிடும். கடைசிச் சிறுபூ வாடி ஒரு வாரத்தில் பையைக் கழற்றிக் காற்றாட விடுங்கள். கிளி, அணில் தொல்லை இருந்தால் வலைப் பை போடலாம்.

கலப்புப்பிறப்புச் செடியில் மகரந்தம் இல்லை

ஏ லைனுக்கு ஆர் லைன் போட்டு எடுத்த விதையில் எல்லாமே மலடு என்றால் நீங்கள் போட்டது ஆர் லைன் இல்லை, உறை மாறியிருக்கிறது. அதுவும் இல்லை என்றால் ஏ லைனின் குழியவுரு பெட்-1 இல்லை. மலட்டுக் குழியவுருக்கள் வேறு பலவும் உண்டு, ஆர்எஃப்1 அவற்றுக்கெல்லாம் சாவி இல்லை. பாதி மலடு என்றால் ஆர் செடியில் ஆர்எஃப் ஒற்றையாகத்தான் இருந்திருக்கிறது. நூற்றுக்குச் சில மட்டும் மலடு என்றால் பி லைன் மகரந்தமோ பக்கத்து வீட்டு மகரந்தமோ புகுந்திருக்கிறது. கிளை விட்ட செடி தெரிந்தால் அது ஆர் லைன் விதை கலந்தது. இவ்வளவுதான், வேறு மர்மம் இல்லை.

ஆனால் விதையை யாருக்காவது கொடுக்கும் முன்பு இதைக் கட்டாயம் வளர்த்துப் பாருங்கள். விவசாயி வயலில் பாதிச் செடி மலடாக இருந்தாலும் நல்ல காலநிலையில் தேனீ அதைச் சமாளித்துவிடும், யாருக்கும் தெரியாது. மழை பிடித்த போகத்தில்தான் பதராக வந்து நிற்கும், அப்போது அந்த நட்டத்தைத் தாங்குவது நாமில்லை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் சூரியகாந்திக் கலப்பினம், 1980 இல் பெங்களூரில் வெளியான பிஎஸ்எச்-1, சிஎம்எஸ் 234ஏ க்கு ஆர்எச்ஏ 274 போட்டது, பெட்-1 மேல் நிற்பது. உலகத்தில் இன்றும் ஏறத்தாழ எல்லாக் கலப்பினமும் அதே ஒரு குழியவுருவில்தான் நிற்கின்றன. 1970 இல் அமெரிக்காவில் சோளப் பயிரின் பெரும்பகுதி டெக்சாஸ் என்ற ஒரே மலட்டுக் குழியவுருவில் இருந்தபோது இலைக்கருகல் பூஞ்சணம் ஒன்று அந்தக் குழியவுருவையே குறிபார்த்து வந்து நாட்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதத்தைத் தின்றது. பெட்-1 இல் அப்படி நடக்கவில்லை. ஆனாலும் வேறு குழியவுரு உள்ள வழி உங்கள் கையில் இருந்தால், விளைச்சல் குறைவு என்று அதைக் கைவிடாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள்.

எடுத்து வைத்த விதை முளைக்கவில்லை

அறுத்துச் சில வாரமே ஆன விதை என்றால் உறங்குநிலை, பழையது என்றால் இறப்பு. பிரித்தறிய, கோதை உடைத்து உள்ளே இருக்கும் மெல்லிய தோலையும் உரித்து, பருப்பை மட்டும் ஈரத்தாளில் வையுங்கள். உறங்குகிற விதையில் பலது இப்போது முளைக்கும், செத்த விதை பூஞ்சணம் பிடிக்கும். அவசரத்துக்கு எதிபன் என்ற வளர்ச்சிச் சீராக்கியின் கரைசலில் ஊறவைப்பதும் உறக்கத்தைக் கலைக்கும்.

எண்ணெய் விதை, அதுவும் கொழும்பின் ஈரக்காற்றில், அலுமாரியில் கடதாசி உறையில் வைத்தால் சீக்கிரம் போய்விடும். நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லுடன் இறுக்கமாக மூடும் போத்தலில் போட்டு பிரிட்ஜில் வையுங்கள். விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதைக்காரரின் பழைய கணக்கு. பிரிட்ஜில் இருந்து எடுத்தவுடன் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்துவிடும். புதிய வழிகளை வெளிநாட்டில் இருந்து கொண்டுவர நினைப்பவர்கள் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி எடுத்துத்தான் கட்டுநாயக்கவில் இறக்க வேண்டும். பயணப் பெட்டிக்குள் உறை மடித்துக் கொண்டுவருவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன், டவுனி மில்டியு போன்ற நோய்கள் விதையோடு வரும்.

எள்ளு, ஆமணக்கு, கடுகு வைத்திருப்பவர்களுக்கு

மேலே சொன்ன சோதனைகளை அப்படியே கொண்டுபோகாதீர்கள், அறிகுறி ஒன்றாக இருந்தாலும் காரணம் வேறு. வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்துக்கு எள்ளில் ஆண்மலட்டு வழி முயல்பவர்கள் பெரும்பாலும் கருவில் உள்ள பின்னிடைவான மலட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பாதிச் செடி வளமாக வருவது கோளாறு இல்லை, அப்படித்தான் வர வேண்டும், வளமான பாதியைப் பூ விரியும் முன்பே கண்டு நீக்குவதுதான் வேலை. ஆமணக்கில் முழுப் பெண் வழியின் குலையில் இடையிடையே ஆண்பூ வந்தால் வெப்பத்தைப் பாருங்கள், 30 பாகை தாண்டும்போது அது கூடும், கொழும்பு மார்ச், ஏப்ரலில் இது சாதாரணம். கடுகில் பொலிமா குழியவுரு வெப்பம் ஏறினாலும் குறைந்தாலும் மகரந்தம் காட்டும். முள்ளங்கியில் இருந்து வந்த ஓகுரா குழியவுரு மலட்டில் உறுதியானது, ஆனால் அதன் பழைய வழிகளில் முள்ளங்கியின் பச்சையவுருவமும் (இலைக்குப் பச்சை நிறம் தரும் நுண்பகுதி) சேர்ந்து வந்ததால் குளிரில் இலை வெளிறும். நுவரெலியாவில் வைத்துவிட்டு மஞ்சள் இலைக்கு நைதரசன் போட்டுக்கொண்டிருந்தால் தீராது, பச்சையவுருவம் மாற்றிய புதிய வழியை எடுக்க வேண்டும்.